ஷின் காட்ஸில்லாவா, மைனஸ் ஒன்னா?

இந்த இரண்டு ஜப்பானிய காட்ஸில்லா படங்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு.

கதை: ஷின் (2016) கூட்டம், கோப்பு, அனுமதி என்று அரசு அலுவலகங்களையே சுற்றுகிறது, பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. மைனஸ் ஒன் (2023) இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய டோக்கியோவில் நடக்கிறது. தற்கொலைப் படையிலிருந்து நழுவிய விமானி கொய்ச்சி, டோக்கியோவின் கின்சா பகுதியை காட்ஸில்லா அழித்ததும் கருமழையில் நனைந்தபடி கதறுகிறான். அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிருகம்: ஷின்னில் செவுளிலிருந்து ரத்தம் கொட்ட, முட்டைக்கண்ணோடு தெருவில் தவழ்ந்து வரும். பார்க்கவே குமட்டும், அதுதான் பலம். மைனஸ் ஒன்னில் கடலில் மரப்படகைத் துரத்துகிறது. வெறும் 35 கலைஞர்கள் செய்த கிராபிக்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சரி, குடும்பத்தோடு என்றால் மைனஸ் ஒன். ஜப்பானின் 2011 சுனாமியையும் ஃபுகுஷிமா அணு உலை விபத்தையும் மறக்காதவர்களுக்கு, அவற்றை நினைவூட்டும் ஷின்.