‘தனியார் காட்டுல கேம்ப்’னு பணம் கட்டச் சொல்றாங்களா? அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். "தனியார் காட்டுக்குள்ள ஒரு ராத்திரி, புஷ்கிராஃப்ட் பயிற்சி, புதுசா கத்துக்கிறவங்க வரலாம்" என்று ஒரு விளம்பரம் போனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. புஷ்கிராஃப்ட் என்றால் காட்டில் கிடைப்பதை வைத்துக் குடில் போட, தீ மூட்டத் தெரிந்துகொள்கிற கலை. எங்களிடம் தலைக்கு 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு காப்புக்காட்டுக்குள், அதாவது அரசு பாதுகாக்கிற காட்டுக்குள், திருட்டுத்தனமாக நுழைய வைத்தார்கள். வனத்துறையிடம் மாட்டியது நாங்கள். பணம் வாங்கியவர் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை.

என் அக்கா மகன் காலேஜில் படிக்கிறான். தார்ப்பாய் கட்டுவது, முடிச்சுப் போடுவது, தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது எல்லாவற்றையும் வீடியோ பார்த்தே பழகியிருக்கிறான். "மாமா, ஒருக்கா நெசமாலுமே காட்டுல போய்க் கத்துக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நல்ல ஆசைதான். அந்த ஆசையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே நான் கேட்டேன்: நிலம் யாருடையது, வனத்துறை அனுமதி இருக்கிறதா? "பட்டா நிலமுங்க, பர்மிஷன் லெட்டரும் இருக்குதுங்க" என்று கேம்ப் நடத்துகிறவர் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மேலே அரசு முத்திரை, ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் பேனாவால் எழுதிய தேதி. கீழ்ப்பாதி படத்தில் வராத மாதிரி மடித்திருந்தது. அது அனுமதிக் கடிதமே இல்லை, ஏதோ ஒரு சுற்றுலாத் தலத்தில் வண்டி நிறுத்தக் கொடுத்த ரசீது. காட்டுக்குள் மாட்டிய அன்று சாயந்தரம் வனக்காவலர் என் போனை வாங்கிப் பெரிதாக்கிப் படித்துக் காட்டியபோதுதான் இது வெளியே வந்தது.

இடம் ஆனைகட்டி மலைக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில். மாசி கடைசி. தகரக் கொட்டகை ஒன்று, தண்ணீர் வராத கழிவறை ஒன்று, அதைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம். பட்டா நிலம் என்று சொன்னது அவ்வளவுதான். கூட்டிவந்தவர் மத்தியானச் சோறு போட்டுவிட்டு, "சாமான் வாங்கிட்டு வந்தர்றேனுங்க" என்று கிளம்பிப் போனார். பயிற்சி கொடுக்க ஒரு பையனை விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தப் பையன் எங்களை நேராக யானை அகழிக்குக் கூட்டிப்போனான். ஊருக்குள் யானை இறங்காமல் இருக்க வனத்துறை வெட்டி வைத்த பள்ளம் அது. ஒரு இடத்தில் மண்ணைத் தள்ளி, ஆள் நடக்கிற அளவுக்குத் தூர்த்திருந்தது. அந்த வழியாகத்தான் ஏறிப் போனோம். ஏறிய இடத்திலேயே யானை லத்தி, இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது. "இது யாரு காடு தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் நம்ம ஓனருதுதானுங்க" என்றான்.

அவனுக்குத் தொழில் தெரியாது. குடில் போட என்று உயிரோடு நின்ற உசிலை மரத்தில் ஏறி, பச்சைக் கொப்புகளை அரிவாளால் வெட்டித் தள்ளினான். மிச்சமான பச்சைக் கொப்பையே அடுக்கித் தீ மூட்டப் பார்த்தான். பச்சை விறகு புகையும், எரியுமா? எரியவில்லை என்றதும் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்த டீசலை ஊற்றினான். காலுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், சருகு. மேலே காற்று. தரையைச் செதுக்கி மண் தெரிகிற வட்டம் போடவில்லை, ஒரு குடம் தண்ணீர் பக்கத்தில் இல்லை. என் அக்கா மகன்தான் ஓடிப்போய்க் காலாலேயே சருகை ஒதுக்கினான். வீடியோ பார்த்துக் கற்றவனுக்குத் தெரிந்தது, காசு வாங்கிக் கற்றுக்கொடுக்க வந்தவனுக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

புகையைப் பார்த்துவிட்டு வனக்காவலரும் வாட்சரும் வந்தார்கள். வாட்சர் வயசானவர், அந்தப் பக்கத்து இருளர். எங்களை எதுவும் கேட்பதற்கு முன்னால் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார். கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்து, "ஏனுங்க, பொழுது உழுந்தா ஆனை எறங்கற வழிங்க இது. இங்கயா வந்து அடுப்பு வெப்பீங்க?" என்றார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர், ஊர் எழுதிக்கொண்டார்கள், ஒவ்வொருவருக்கும் அபராதம் போட்டார்கள். நடத்தியவருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும், தீ மூட்டுவதும், மரம் வெட்டுவதும் 1882-ம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சத்தியமங்கலம், ஆனைமலை மாதிரி புலிகள் காப்பகம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும், இன்னும் கடுமை. "வெள்ளியங்கிரிக்கு இந்த மாசத்துல ஆயிரக்கணக்குல ஏறறாங்களே, நம்மள மட்டும் என்ன பண்ணப் போறாங்க" என்று இவர்கள் சமாதானம் சொல்வார்கள். வெள்ளியங்கிரி வனத்துறை பார்த்துத் திறந்துவிடுகிற கோயில் பாதை. அதைக் காட்டிவிட்டு வேறு காட்டில் அடுப்பு வைக்க முடியாது.

குரங்கணியை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்கக் கூடாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். மலையேறப் போனவர்களில் ஈரோடு, திருப்பூர்க்காரர்களும் இருந்தார்கள். அதுவும் இதே மாசி மாதம்தான். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் பாதைகளையே 2025-ல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடி வைத்தார்கள். அரசாங்கமே நடக்க விடாத நாட்களில் ஒருவர் காட்டுக்குள் தீ மூட்டக் கூப்பிடுகிறார் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டா நிலம் என்று யாராவது சொன்னால், ஊர்ப் பெயரும் சர்வே நம்பரும் கேளுங்கள். அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா, சிட்டா, வரைபடம் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று வந்துவிடும். அடிவாரத்தில் நிலம் பட்டாவாகவே இருந்தாலும் விடாதீர்கள், "பயிற்சி முழுக்க இந்த சர்வே நம்பருக்குள்ளதானே?" என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களை ஏமாற்றியது அந்த இடத்தில்தான். கொட்டகை பட்டாவில், பயிற்சி காப்புக்காட்டில்.

அப்படியென்றால் புதிதாகக் கற்க நம் பக்கம் இடமே இல்லையா என்றால், இருக்கிறது, மலையில் இல்லை. காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மாடும் செம்மறியும் மேய்கிற நிலம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொந்த நிலம். நாங்கள் இப்போது போவது மூலனூர் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் கொறங்காட்டுக்கு. பண்ணாடியே (நிலத்துக்காரர்) வந்து எந்தப் பட்டியில் மாடு இல்லையோ அதைக் காட்டிவிட்டுப் போவார். தார்ப்பாய் கட்ட மரம் இருக்கிறது, முடிச்சுப் பழகக் கயிற்றுப் பஞ்சமில்லை. தீயை மட்டும் புல்லுக்குள் மூட்ட விடமாட்டார். கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில், உழுது போட்ட இடத்தில்தான். விறகுக்குச் சீமைக்கருவேலம், எவ்வளவு வெட்டினாலும் சந்தோஷப்படுவார். தீப்பொறி பிடிக்கத் தென்னம்பன்னாடையை உரித்துக் கசக்கி வைத்தால் போதும், என் அக்கா மகன் அதில்தான் பழகினான். ராத்திரி படுக்க மட்டும் கயிற்றுக் கட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது நம் ஊர்ப் பக்கம் நடக்கிற விஷயம்.

காட்டையே பார்க்க வேண்டும் என்றால் காரமடை வனச்சரகத்தில் பரளிக்காடு இருக்கிறது. பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல், மலைமக்கள் சமைக்கிற சாப்பாடு, எல்லாம் வனத்துறை நடத்துவது. முன்பதிவு செய்துதான் போக முடியும். அங்கே அடுப்பு மூட்ட முடியாது, ஆனால் மரமும் தடமும் சொல்லித்தர அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் உடன் வருவார்கள்.

பணம் திரும்ப வரவில்லை. மறுநாள் போனை எடுத்தவர், "அபராதம் உங்க பேர்லதானுங்க போட்டாங்க, அதுக்கு நான் என்ன பண்றது" என்றார். நாங்கள் ஜிபேயில் அனுப்பியது நிறுவனக் கணக்குக்கு இல்லை, தனியாள் நம்பருக்கு. இப்போது வேறு பெயரில், அதே கூடாரப் படத்தைப் போட்டு சித்திரை விடுமுறைக்கு ஆள் சேர்க்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. இதே மாதிரி பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தனித்தனியாக மனுப் போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. ஜிபே ரசீது, அவர் அனுப்பிய ‘பர்மிஷன்’ படம், பேசிய செய்திகள், அபராத ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் பெயர் மாறுவதற்கு முன்னால் விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.