வாரண்டிக்குக் கொடுத்த ரேம் வேறாகத் திரும்பி வந்தது: லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ரேம் பழுதாகி, வாங்கிய கடையிலேயே வாரண்டிக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் கொடுத்தது வாரண்டி உள்ள 8 ஜிபி ரேம். எனக்குத் திரும்பி வந்தது, வேறு ஏதோ கணினியிலிருந்து கழற்றி மேலே புது ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ரேம். கம்பெனி எனக்காக அனுப்பிய புது ரேம் கடையிலேயே தங்கிவிட்டது. கடை மதுரையில் இருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை.

வீட்டிலிருந்து புத்தக வடிவமைப்பு வேலை செய்கிறேன். மேசைக் கணினி, டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை), இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியில் திடீரென்று பயர்பாக்ஸ் டேப்கள் கிராஷ் ஆக ஆரம்பித்தன. லிபர்ஆபிஸ் எந்த அறிவிப்பும் இல்லாமல் மூடிக்கொண்டது. அப்புறம் ஒரு நாள் மவுஸ்கூட அசையாமல் கணினியே உறைந்து நின்றது.

லினக்ஸில் இப்படி நடந்தால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நினைவகம் (ரேம்) போதவில்லையா, நினைவகமே கெட்டுவிட்டதா? போதவில்லை என்றால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்று இடம் பிடிக்கும். கொன்ற நிரலின் பெயரோடு 'அவுட் ஆஃப் மெமரி' என்று பதிவும் எழுதி வைக்கும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 22.04 பதிப்பிலிருந்து சிஸ்டம்டி-ஊம்டி என்ற சேவையும் இதே வேலையைச் செய்கிறது, அதுவும் தடயம் விட்டுத்தான் போகும். கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில், முந்தைய முறை கணினி ஓடியபோதான கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த வரி எங்கேயும் இல்லை. நிரல் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டு விழுந்ததைச் சொல்லும் 'செக்ஃபால்ட்' வரிகள் மட்டும் இருந்தன. ஒரு முறை பயர்பாக்ஸ், ஒரு முறை பைதான், இன்னொரு முறை டெஸ்க்டாப்பே. ஒரே நிரல் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த நிரலைச் சந்தேகிக்கலாம். சம்பந்தமில்லாத நிரல்கள் இடம் மாறி மாறி விழுந்தால் ரேமைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியது இன்னொரு சோதனை. பெரிய ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றுக்கு எஸ்ஹெச்ஏ256 சம் எடுத்தேன். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண் அது, கோப்பு மாறாதவரை அதுவும் மாறக்கூடாது. அதே கோப்புக்கு, யாரும் தொடாமல், உடனே மறுபடி எடுத்தேன். இரண்டும் வேறு வேறு விடை. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. காரணம், இப்படிப்பட்ட ரேம் நிரலை மூடுவதோடு நிற்காது. நாம் சேமிக்கும் கோப்பிலும் பிழையைச் சேர்த்து எழுதும், காப்பு நகலுக்கும் அதுவே போகும். ஒரு எழுத்தாளரின் பாதி முடிந்த நூல் அப்போது என் கையில் இருந்தது.

மெம்டெஸ்ட்86+ ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருள். பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க (பூட் செய்ய) வேண்டும். யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினி என்றால் 6.00 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக எடுங்கள். இரவு ஓடவிட்டேன், காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதித்ததில் ஒன்று சுத்தமாகத் தேறியது, இன்னொன்று உடனே பிழை காட்டியது. பிழை ரேமோடு இடம் மாறினால் ரேம் பழுது, ஸ்லாட்டோடு நின்றால் மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் அதை அணைத்தும் ஒரு தடவை சோதியுங்கள். வேகம் கூட்டியதால் வரும் பிழையும் பார்க்க ரேம் பழுது மாதிரியே இருக்கும்.

இந்த விவரத்தோடுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்ததுமே, "சார், லினக்ஸ் போட்டா இப்படித்தான். விண்டோஸ் போட்டுத் தர்றேன், எல்லாம் சரியாயிடும்" என்றார். டெர்மினலில் ரேம் எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் ஃப்ரீ கட்டளையை ஓட்டச் சொல்லி, 'ஃப்ரீ' என்ற பத்தியில் இருந்த சிறிய எண்ணைக் காட்டி, "பாருங்க, ரேம் ஃபுல். 32 ஜிபி ஆக்கிடுங்க" என்று விலையும் சொன்னார். இதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமை வட்டிலிருந்து படித்த கோப்புகளை வைத்திருக்கப் பயன்படுத்தும், நிரல் கேட்டால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தி. என் கணினியில் அது 10 ஜிபிக்கு மேல் இருந்தது.

லினக்ஸ்மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கணினியிலேயே 2022 அக்டோபரில் இது நடந்தது. கெர்னல் 6.1-க்கான வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. கம்பைல் செய்யும்போது (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும்போது) விளங்காத பிழைகள் வர, அவரும் முதலில் புதிய கெர்னல் நிரலைத்தான் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால், இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய ஒரு ரேம் கெட்டுப்போயிருந்தது. பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி ரேம் சாதாரணக் கணினிகளுக்கும் வேண்டும் என்று அவர் அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்தவர்.

மெம்டெஸ்ட் ஓடிய வீடியோவைக் காட்டியபிறகு கடைக்காரர் ரேமை வாங்கிக்கொண்டார். ஒரு துண்டுச் சீட்டில் '8ஜிபி ரேம் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். சீரியல் நம்பரையும் எழுதுங்கள் என்றதற்கு, "கம்பெனிக்குப் போறது சார், அதெல்லாம் தேவையில்லை" என்றார். விட்டுக்கொடுக்காமல் சீட்டின் பின்பக்கம் எழுத வைத்து, கடை முத்திரையும் வாங்கினேன். இன்றைக்கு என்னிடம் இருக்கும் வலுவான ஆதாரம் அந்தச் சீட்டுதான்.

பல வாரம் கழித்து மாற்று ரேம் வந்தது. ஸ்டிக்கரில் அதே பிராண்ட், 3200 என்ற வேகம். போட்டவுடன் கணினி மந்தமாகத் தெரிந்தது. கணினியின் பாகங்களைப் பற்றிய விவரம் காட்டும் டிஎம்ஐடீகோட் கட்டளையில் மெமரி பகுதியைப் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர் வேறு, வேகம் 2400. வேகம் குறைந்த ரேம் கூட இருந்தால் மற்றதும் அதன் வேகத்துக்கே இறங்கி ஓடும். என் நல்ல ரேமும் 2400-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரேமில் உள்ள சில்லிலேயே எழுதியிருக்கும் விவரத்தை நேராகப் படிக்கும் டீகோட்-டிம்ஸ் என்ற கருவியும் அதையே சொன்னது. கழற்றிப் பார்த்தபோது ஸ்டிக்கரின் ஓரத்துக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மெம்டெஸ்டில் முதல் சுற்று தேறி, இரண்டாவது சுற்றில் பிழை காட்டியது. ஒரே சுற்றோடு நிறுத்தாதீர்கள், சூடேறிய பிறகுதான் சில பிழைகள் தலைகாட்டும்.

ரேம் கம்பெனியின் வாரண்டிப் பிரிவுக்குப் பழைய சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த ரேமுக்குப் பதில் புது ரேம் கொடுத்தாகிவிட்டது என்று அதன் சீரியல் நம்பரோடு பதில் வந்தது. என் கையில் இருந்த ரேமின் நம்பர் அது இல்லை. அதாவது வாரண்டி ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது, ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை.

கடையில் முதலில் "கம்பெனிக்காரன் மாத்திட்டான்" என்றார்கள். மின்னஞ்சலைக் காட்டியதும், "பையன் தெரியாம மாத்திக் கொடுத்துட்டான்" என்றார்கள். தெரியாமல் மாறியிருந்தால் ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

ரேமைக் கொடுக்கும் முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், டிஎம்ஐடீகோட் காட்டும் விவரத்தை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், சீரியல் நம்பர் எழுதாத சீட்டை வாங்காதீர்கள். கம்பெனி நேரடியாக வாரண்டிக்கு எடுத்துக்கொண்டால் கடையை நடுவில் விடவே வேண்டாம். மாற்று ரேம் வருகிறவரை பழுதானதைக் கழற்றி வைத்துவிட்டு இருப்பதை வைத்து ஓட்டுங்கள். மெதுவாக ஓடினாலும் கோப்புகள் பிழைக்கும்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சனை நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அதன்பிறகு கடையிலிருந்து போன் வந்தது: புது ரேம் தருகிறார்களாம், ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய ரேமை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு சீரியல் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கொடுங்கள், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த ரேம் என்னிடம்தான் இருக்கும்.