பெருங்கணினியிலிருந்து வன்னிக் கிளைகளுக்கு மெயில்: பல வருடப் பாவனையில் தெரிந்தவை

கொழும்பிலுள்ள பெருங்கணினி (மெயின்ஃப்ரேம்) இரவில் ஓட்டும் வேலை, கடன் நிலுவைப் பட்டியல் போன்ற ரிப்போர்ட்டுகளை வன்னிக் கிளைகளுக்கு மெயிலில் அனுப்புகிறது. அந்த வேலை முடிந்து ரிட்டேர்ன் கோட் (முடிவு எண்) பூச்சியம் வந்தால், மெயிலை ஸ்பூலில் (வெளியீடுகள் காத்திருக்கும் இடம்) வைத்தாயிற்று என்பது மட்டும்தான் அர்த்தம். அது கிளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்ட ஆளிடம் "அவர் வாசித்துவிட்டாரா?" என்று கேட்கிற மாதிரி. கொழும்பு "இங்கே எல்லாம் சரி" என்று சொல்லும், கிளிநொச்சி "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்று சொல்லும். இரண்டு பக்கமும் உண்மைதான் பேசுகிறது. இந்த ஏற்பாட்டைப் பாவிக்க நினைப்பவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அமைப்பு இப்படி. கொழும்பில் ஐபிஎம் பெருங்கணினி, அதில் இசட்/ஓஎஸ் என்ற இயங்குதளம். மெயில் அனுப்புவது அதிலுள்ள சிஎஸ்எஸ்எம்டிபி (CSSMTP) என்ற மென்பொருள். அது ஜெஸ் (வேலைகளையும் வெளியீடுகளையும் நிர்வகிக்கும் பகுதி) ஸ்பூலில் தன் பெயருக்கு வந்த வெளியீடுகளை எடுத்து, பக்கத்து லினக்ஸ் சேர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் கடத்தும் மென்பொருளிடம் கொடுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அதை வவுனியா பிராந்திய அலுவலகத்தின் சிம்ப்ரா மெயில் சேர்வருக்கு அனுப்பும். மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிளைகளில் உள்ளவர்கள் அதைத் தண்டர்பேர்டிலோ கைத்தொலைபேசியிலோ பார்ப்பார்கள். ஆக, மெயில் சத்தமில்லாமல் நின்றுபோகக்கூடிய இடங்கள் மூன்று: ஸ்பூல், போஸ்ட்ஃபிக்ஸ் வரிசை, வவுனியாப் பெட்டி.

ஒரு காலத்தில் பெருங்கணினியே மெயில் பெட்டியாகவும் இருந்தது. ஐபிஎம்மின் அலுவலக மெயில் மென்பொருளான ப்ரொஃப்ஸ் 1981இல் வந்தது. 1989இல் அறிவித்த ஆபீஸ்விஷன் அதன் இடத்தை எடுத்தது. எட்டு எழுத்துக்குள் பயனர் பெயர், எட்டு எழுத்துக்குள் கணினியின் பெயர். அலுவலக வலையமைப்பில் வேறொரு மெயில் இருந்தால், நடுவில் ஒரு கேட்வே நின்று பெயர்களை மாற்றிக் கொடுக்கும். போவதும் வருவதும் அந்த வழியால்தான். இசட்/ஓஎஸ்ஸில் இருந்த பழைய எஸ்எம்டிபி (மெயில் பரிமாற்ற நெறிமுறை) சேர்வரும் சென்ட்மெயில் மென்பொருளும் 2017இல் வந்த 2.3 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டன. மிஞ்சிய சிஎஸ்எஸ்எம்டிபி அனுப்பும், வாங்காது. இருவழிப் பாதை என்று நினைத்துத் திட்டம் போட்டால் கடைசியில் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டி வரும்.

மெயில் போடும் படி எளிது. ஐஇபிஜெனர் (IEBGENER) என்ற நகலெடுக்கும் கருவி போதும். உள்ளீடான சிஸ்யூடி1இல் வாசகம், வெளியீடான சிஸ்யூடி2இல் சிஸ்அவுட் (ஸ்பூல் வெளியீட்டு) வகுப்பும் எக்ஸ்டர்னல் ரைட்டர் (அதை எடுக்கும் மென்பொருள்) பெயரும். இந்தப் பெயர் சிஎஸ்எஸ்எம்டிபியின் கட்டமைப்புக் கோப்பில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் யாரும் எடுக்காத வெளியீடாக அது ஸ்பூலிலேயே கிடக்கும், வேலையோ பூச்சியத்தோடு முடியும். ஸ்பூலைப் பார்க்கும் எஸ்டிஎஸ்எஃப்பில் வெளியீட்டு வரிசையை அந்தப் பெயரால் வடிகட்டிப் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. வாசகத்தின் ஒழுங்கு: ஹெலோ, மெயில் ஃப்ரம் (அனுப்புநர்), ஆர்சிபிடி டு (பெறுநர்), டேட்டா, பிறகு தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, உள்ளடக்கம், முதல் நிரலில் (வரியின் முதல் எழுத்திடத்தில்) தனியாக ஒரு புள்ளி, க்விட். வெற்று வரியை விட்டுவிட்டால் ரிப்போர்ட்டின் தொடக்க வரிகளைத் தலைப்பு என்று நினைத்து மெயில் மென்பொருள் மறைத்துவிடும். ரிப்போர்ட்டுக்குள் எங்காவது ஒரு வரியில் புள்ளி மட்டும் இருந்தால் மெயில் அந்த இடத்தோடு முடிந்துவிடும். ஜேசிஎல்லுக்குள் (வேலையை விவரிக்கும் கட்டளைக் கோப்பு) வாசகத்தை நேரடியாக எழுதுபவர்கள் கவனிக்க: இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் வரி வந்தால் டிடி நட்சத்திரம் (DD *) என்று தொடங்கிய உள்ளீடு அங்கே முடிந்துவிடும். அதற்குப் பதிலாக டிடி டேட்டாவும் (DD DATA) முடிவுக் குறியை நாமே வைக்கும் டிஎல்எம்மும் (DLM) போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, 80 நிரல் பற்றியது. பெருங்கணினியின் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் எண்ணிடல் போட்டுச் சேமித்த அங்கத்தில் (நூலகக் கோப்பின் ஓர் உறுப்புக் கோப்பு) 73 முதல் 80 வரையான நிரல்களில் வரி எண் ஏறியிருக்கும். திரையில் அது கண்ணில் படாது. முகவரி வரியின் கடைசியில் அந்த எட்டு இலக்கம் ஒட்டிக்கொண்டு போனால் முகவரியே பிழை. சிஎஸ்எஸ்எம்டிபி அந்த வெளியீட்டைப் பிழையானது என்று ஒதுக்கும். எடிட்டரில் வரி எண்ணை நீக்கும் UNNUM கட்டளையை அடித்துச் சேமித்தால் தீர்ந்தது. பிழையான வெளியீட்டை அழிக்காமல் நிறுத்தி வைக்கும்படி சிஎஸ்எஸ்எம்டிபியின் பேட்ஸ்பூல்டிஸ்ப் அமைப்பை ஹோல்ட் ஆக்கி வையுங்கள். எதனால் போகவில்லை என்று பார்க்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அச்சுக் கட்டுப்பாட்டு நிரல். 133 நிரல் ரிப்போர்ட்டில் முதல் நிரல் பிரின்டருக்கானது: 1 என்றால் புதுப் பக்கம், 0 என்றால் ஒரு வரி விட்டு, கழித்தல் குறி என்றால் இரண்டு வரி விட்டு. பிரின்டர் அதை விழுங்கிவிடும், மெயில் விழுங்காது. இரண்டாம் நிரலிலிருந்து தொகை தொடங்கும் ரிப்போர்ட்டில் பக்கத்தின் முதல் வரியில் உள்ள 25,000 ரூபா 125,000 ஆகத் தெரியும். கழித்தல் குறி ஒட்டினால் வரவு பற்று ஆகிவிடும். நிலுவைப் பட்டியலைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டு கடன்காரரோடு கதைக்கிற உத்தியோகத்தருக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. மெயிலுக்கு முன் ஒரு சோர்ட் (வரிசைப்படுத்தும் கருவி) படி போட்டு, பில்ட் கட்டளையில் 2ஆம் நிரலிலிருந்து 132 நிரலை மட்டும் எடுத்து, வெளியீட்டுக் கோப்பை எஃப்பி (அச்சுக் கட்டுப்பாடு இல்லாத நிலையான நீள வரிகள்) ஆக்குங்கள். இதைச் செய்யாத ரிப்போர்ட் எதுவும் மெயிலில் போகக்கூடாது என்று விதியாகவே வைப்பது நல்லது.

132 நிரலை மெயில் உடலில் போட்டால் தொலைபேசியில் வரி உடைந்து நிரல்கள் கலைந்துவிடும். இணைப்பாக அனுப்புவதே சரி. இங்கே அளவு இடிக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஏற்கும் உச்சம் 10,240,000 பைட். மெயிலில் போவதற்காகப் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக ஆக்கும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். ஆகவே ஏழு மெகாபைட்டைத் தாண்டினாலே எல்லை நெருங்கிவிட்டது. மாரிக்குக் கொடுத்த பயிர்க்கடன், காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கும் மாதங்களில்தான் திரும்பி வரும். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள கிளைகளுக்கு அப்போது பட்டியல் நீளும். 60,000 வரி, வரிக்கு 132 நிரல் என்றால் கிட்டத்தட்ட எட்டு மெகாபைட். ஆனால் அதில் பெரும்பகுதி வெற்றிடம். சிப் செய்தால் மிகச் சிறியதாகிவிடும். எல்லையைக் கூட்டுவதைவிட இது நல்லது, கிளையின் லைனுக்கும் இலகு.

பழைய ரிப்போர்ட்டுகளில் இன்னொரு சிக்கல் தேசிய அடையாள அட்டை எண். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்துமாகப் பத்து நிரல் ஒதுக்கி எழுதியவை அவை. 2016இலிருந்து வரும் எண்கள் 12 இலக்கம். கடைசி இரண்டு இலக்கம் வெட்டுப்படும், அல்லது அடுத்த நிரல்கள் இரண்டு தள்ளும். மெயில் அமைப்பின் பிழையல்ல இது. ஆனாலும் கிளையில் மெயிலில்தான் முதலில் தெரியும், பழியும் மெயிலுக்குத்தான் வரும்.

இனித் தமிழ். பெருங்கணினி எழுத்துகளை எப்சிடிக் முறையில் வைத்திருக்கிறது. வழக்கமாகப் பாவிக்கும் 037, 1047 ஆகிய இரண்டு குறியீட்டுப் பக்கங்களிலும் (எழுத்து அட்டவணைகள்) தமிழுக்கு இடமில்லை. அவை தமக்குள்ளேயும் ஒத்துப்போவதில்லை; சதுர அடைப்புக்குறிகள் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. அடைப்புக்குறி போட்டு எழுதிய தலைப்பு கிளையில் வேறு குறியோடு வந்தால் காரணம் இதுதான். தமிழை நேரே எழுதினால் கேள்விக்குறிதான் மிஞ்சும். வேலை செய்கிற வழி ஒன்று: தமிழ் வாசகத்தை வெளியே ஒரு கணினியில் யூடிஎஃப்-8 (யூனிகோட்) குறியீட்டில் எழுதி, பேஸ்64 ஆக மாற்றி, அந்த வரிகளைப் பெருங்கணினியில் ஒரு அங்கமாக வைத்து, மைம் (மெயிலின் உள்ளடக்க வடிவத்தைச் சொல்லும் தரநிலை) தலைப்போடு அப்படியே அனுப்புவது. பேஸ்64 பாவிக்கும் எழுத்துகள் எப்சிடிக்கின் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே இடத்தில் இருப்பவை என்று மைம் தரநிலையே சொல்கிறது, அதற்காகவே தேர்ந்தெடுத்தவை. வரிக்கு 76 எழுத்து என்பதால் 80 நிரலுக்குள்ளும் அடங்கும். மாறாத அறிவித்தல் வாசகங்களுக்கு இது மிக உறுதியான முறை.

பொருள் வரியில் தமிழ் வேண்டுமென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். குறியிட்ட சொல் (தலைப்பில் பேஸ்64 ஆக்கிய துண்டு) ஒன்றுக்கு உச்சம் 75 எழுத்து. அது உள்ள வரி 76ஐத் தாண்டக்கூடாது. பொருளைக் குறிக்கும் Subject என்ற தலைப்புச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்ந்து 9 நிரல். யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் சட்டகம் 12. மிஞ்சுவது 55. அதில் பேஸ்64 முழுத் தொகுதிகள் (4 எழுத்துக்கு 3 பைட்) 13, அதாவது 39 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆக முதல் வரியில் 13 குறியீடு மட்டும்தான். கிளிநொச்சி என்ற பெயரில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து 10 குறியீடு, அடங்கும். முல்லைத்தீவு 12, அதுவும் அடங்கும். அதற்குப் பின்னால் இன்னொரு சொல் எழுத இடமில்லை. அடுத்த வரியில் ஒரு இடைவெளி விட்டு இரண்டாவது குறியிட்ட சொல் தொடங்க வேண்டும். ஒரு குறியீட்டின் மூன்று பைட்டை இரண்டு சொல்லுக்குப் பங்கிட்டால் சில மென்பொருள்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தப் பாட்டை ஜேசிஎல்லில் படுவது வீண் என்பதே எங்கள் முடிவு. பெருங்கணினி கிளைக் குறியீட்டையும் ரிப்போர்ட் எண்ணையும் மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்பட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் சேர்வரில் ஒரு சிறு பைதன் வடிகட்டி அதைப் பார்த்துத் தமிழ்ப் பொருள் வரியை இடட்டும்.

நேரம் பற்றிச் சுருக்கமாக. தேதித் தலைப்பைக் கையால் எழுதிய பழைய அங்கங்கள் இருந்தால் தேடித் திருத்துங்கள். 1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் +0530க்குத் திருப்பினார்கள். அந்த இடைக்காலத்து +0600 அங்கத்தில் கிடந்தால், காலை 5 மணி மெயில் கிளையில் 4.30 என்று காட்டும். (வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்தக் காலம் முழுவதும் பழைய நேரத்திலேயே இருந்தன. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் கடிகாரத்தைத் திருப்பிய தலைமுறைக்கு இந்த அரை மணித்தியாலத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

மாரியில் லைன் விழுவது புதிதல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வரை மெயிலை வைத்துக்கொண்டு முயலும், எனவே இழப்பு அரிது. தாமதம்தான் பிரச்சினை. முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி 300 செக்கனில் தொடங்கி 4,000 செக்கன் வரை நீளும். லைன் காலை 8 மணிக்கு வந்தாலும் மெயில் 9 மணிக்குப் பிறகு வரலாம், அதற்குள் கிளை திறந்துவிடும். லைன் வந்தவுடன் வரிசையைத் தள்ளிவிடும் கட்டளையைக் கடமையில் இருப்பவருக்கு எழுதிக் கொடுங்கள். தாமத அறிவித்தல் இயல்பாக அணைந்திருக்கும். இரண்டு மணித்தியாலம் என்று போடுங்கள். அந்த அறிவித்தல் மெயில் ஃப்ரம் முகவரிக்குத்தான் போகும். அங்கே பெருங்கணினியின் முகவரி இருந்தால் வாங்க ஆளில்லை, திரும்பி வந்தவை யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு நாளும் ஒருவர் திறந்து பார்க்கும் உண்மையான பெட்டியொன்றைப் போடுங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் காவல், வாங்கும் பக்கத்தில் இருப்பது. இரவு வேலையின் கடைசிப் படி ஒவ்வொரு கிளைக்கும் எத்தனை மெயில் போட்டது என்ற எண்ணிக்கையை ஒரு தனி மெயிலாக அனுப்பும். வவுனியா சேர்வரில் நேரம் வைத்து ஓடும் ஒரு கிரொன் வேலை காலை 6 மணிக்கு அந்த எண்ணிக்கையையும் பெட்டிகளில் உள்ளதையும் ஒப்பிடும். குறைந்தால் குறுஞ்செய்தி. எண்ணிக்கை மெயிலே வராவிட்டாலும் குறுஞ்செய்தி. அனுப்புகிற பக்கத்தில் எத்தனை பரிசோதனை வைத்தாலும் வராத மெயிலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பதில் போடும் பக்கம் இன்னும் குறைபாடாகவே இருக்கிறது. கிளையில் உள்ளவர் ரிப்ளை அழுத்தத்தான் செய்வார். ரிப்ளை-டு தலைப்பில் உதவிப் பிரிவின் பெட்டி இருந்தால் அந்தப் பதில் ஒரு மனிதரிடம் போகும். மெயிலைப் படித்து எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்) வழியாக ஜெஸ்ஸுக்கு வேலையைத் தானாகவே சமர்ப்பிக்கும் ஏற்பாடு செய்ய முடியும், செய்பவர்களும் உண்டு. அனுப்புநர் முகவரியை யாரும் போலியாக எழுதலாம் என்பதால் நாங்கள் அதற்கு எதிர். "இந்த ரிப்போர்ட்டை மீண்டும் அனுப்பவும்" என்ற கோரிக்கைக்குப் பெருங்கணினி வரை போகவே தேவையில்லை: போஸ்ட்ஃபிக்ஸ் சேர்வரில் கடைசி 30 நாள் இணைப்புகளைக் கிளைவாரியாகச் சேமித்து வைத்தால், உதவிப் பிரிவில் இருப்பவர் அங்கிருந்தே எடுத்து அனுப்பிவிடுவார்.