ஒரு கால் மட்டும் வீங்கினால் அதை மெசினுக்குள் விடாதீர்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வீங்கின காலைக் காட்டப் போன இடத்தின் பெயரைப் போடமாட்டேன். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். வாசலில் 'கிளினிக்' என்றுதான் போர்ட் இருந்தது. இப்போது யாராவது கேட்டால் 'அந்தக் கடை' என்றுதான் வாயில் வருகிறது.

கதை நல்லூரில் தொடங்குகிறது. தேருக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். இருபத்துநாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். என் மாதத் தேதி சரியாக அந்தக் கிழமையில் வந்து நின்றது. இதற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாமசியில் குரலைத் தாழ்த்தி "தள்ளிப்போடுற குளிசை" என்று கேட்டால், டொக்டரின் துண்டு இருக்கிறதா என்று கேட்காமலே வெட்டித் தருவார்கள். நோரெதிஸ்டெரோன், 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. பத்து நாள் போட்டேன். பல வருடமாகச் செய்கிற வேலைதான், ஒன்றும் ஆனதில்லை.

தீர்த்தம் முடிந்த இரவே கொழும்புக்கு பஸ். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஒன்பது மணித்தியாலம். எனக்கு யன்னல் சீற். காலடியில் ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கட்டிய பை, முன்சீற்காரர் வேறு சாய்ந்து படுத்துவிட்டார். முறிகண்டியில் எல்லோரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். எனக்கு இடதுகால் மரத்துப்போயிருந்தது, இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் இடையில் இறங்கவேண்டி வருமே என்ற பயம்.

மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் போகச் செருப்பைப் போட்டபோது, இடதுகாலில் வார் எட்டவில்லை. வலதுகாலுக்கு வழமையான ஓட்டையில் மாட்டியது, இடதுக்கு இரண்டு ஓட்டை தள்ளவேண்டி வந்தது. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சூடாக இருந்தது. மாமி பார்த்துவிட்டு, "பஸ்ஸில இருந்து வந்த நீர் பிள்ளை, விடிய வத்திப்போயிடும்" என்று சித்தாலேப பூசி நன்றாக உருவிவிட்டா. பாவம், அவ அன்பாகத்தான் செய்தா. ஆனால் உருவவே கூடாத கால் அது என்று பிறகுதான் தெரிந்தது.

விடிந்தும் வற்றவில்லை. கந்தோரில் ஒரு பிள்ளை கைத்துண்டு ஒன்று தந்தது: 'நரம்பு, நாளம், வீக்கம், மூட்டு, அனைத்துக்கும் சத்திரசிகிச்சை இன்றித் தீர்வு.' காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம், சனலுக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை, தமிழ் பேசுவார்கள். இந்த மூன்றுக்காகத்தான் போனேன். நான் செய்த பிழை அதுதான், மறைக்கமாட்டேன்.

வெள்ளைக்கோட்டுக்காரர் வயதில் மூத்தவர், பேச்சு தேன். "தங்கச்சி, நல்ல நேரம் வந்திட்டீங்கள்" என்று தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் பெருவிரலை வைத்து அமத்தினார், குழி விழுந்தது. "பாத்தீங்களோ, பாத்தீங்களோ" என்று அந்தக் குழியை இவருக்கும் (என் கணவருக்கு) காட்டினார். பிறகு டப்பை எடுத்து ஒரு படத்தைத் திறந்தார். யானைக்கால் முற்றிய ஒரு மனிதரின் கால். "இது அதின்ர தொடக்கம். இப்ப பிடிச்சால் தப்பலாம்."

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். சிங்களத்தில் 'பரவா' என்பார்கள். மேல்மாகாணக் கரையோரம் ஒரு காலத்தில் அது இருந்த இடம் என்பது உண்மை. அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. இன்னும் அங்கொன்று இங்கொன்றாக வரலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது நுளம்பால் பரவி வருடக்கணக்கில் வளர்கிற நோய். நாலு நாளில் செருப்பு வாரை இறுக்காது. சந்தேகம் என்றால் அரசாங்கத்தின் யானைக்கால் தடுப்பு இயக்கம் இருக்கிறது, இரத்தத்தில் பார்ப்பார்கள். அந்தப் புழுக்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்துக்குள் ஓடித்திரியும் என்பதால், கண்ணாடியில் பூசிப் பார்க்கிற சோதனைக்கு இரவில்தான் குத்துவார்கள். பகல் பதினொரு மணிக்குப் பெருவிரலால் அமத்தி யானைக்கால் கண்டுபிடிக்கிற கெட்டித்தனம் வேறெங்கும் இல்லை.

பத்துத் தடவைக்கு 45,000 ரூபாய், அன்றே கட்டினால் 38,000. சீட்டுக்காசு கையில் இருந்தது, கட்டினோம்.

அவர் என்னிடம் கேட்டவை: பெயர், வயது, விலாசம், காசா கார்ட்டா. என்ன குளிசை போடுகிறாய், எங்கே பயணம் போனாய், மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாதக் குளிசை விடயத்தை இவருக்கும் அந்த ஆளுக்கும் முன்னால் சொல்லியிருப்பேனா என்பது வேறு கதை. ஒரு காலுக்கு மறுகால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று அளக்கக்கூட இல்லை. ஸ்கான் எடுக்கவேண்டாமா என்று இவர்தான் கேட்டார். "ஸ்கானுக்கு ஏன் வீணாக் காசைக் குடுக்கிறீங்கள், எனக்குக் கையிலயே தெரியும்."

மெசின் என்றால், இடுப்புவரை வருகிற நீலநிறச் சப்பாத்து மாதிரி ஒன்று. சிப்பைப் போட்டு மூடி, குழாய்களைச் செருகி, ஆளியைப் போட்டால் பாதத்திலிருந்து தொடைவரை அறை அறையாகக் காற்று நிரம்பிக் காலைப் பிழியும். உஸ்ஸென்று விடும், திரும்பப் பிழியும். முக்கால் மணித்தியாலம். அதற்கு முதல் ஒரு பெண்பிள்ளை வந்து எண்ணெய் போட்டுக் கீழிருந்து மேலே உருவும். முடிய, பெயர் எழுதாத கடதாசி உறையில் இரண்டு வகைக் குளிசை. ஒன்றைப் போட்டால் அரைமணிக்கு ஒருக்கா மூத்திரம் போகும். மற்றதன் தகட்டில் வெட்டியது போக '...ஃபெனக்' என்ற வால் மட்டும் இருந்தது.

மூன்றாம் தடவை, காற்று ஏறும்போது உயிர் போகிற வலி. சொன்னேன். "வலிச்சால் வேலை செய்யுது எண்டு அர்த்தம் தங்கச்சி."

அன்று பின்னேரம் எங்கள் பிளற்ஸில் லிப்ற் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் குந்திவிட்டேன். மூச்சை உள்ளே இழுத்தால் வலப்பக்க விலாவில் குத்தியது. வாய்வு என்று மாமி இஞ்சி இடித்தா. நல்லகாலம், அந்த நேரம் மட்டக்களப்பில் தாதியாக இருக்கிற அக்காவின் மகள் வேறேதோ கதைக்க அழைத்தாள். கால் வீக்கத்தைச் சும்மா சொன்னேன்.

"சித்தி, ரெண்டு காலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில போடுங்கோ."

போட்டேன். ஒரு நிமிடம் போகவில்லை.

"தேருக்குக் குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"மூச்சு எப்பிடி இருக்கு?"

சொன்னேன். "சித்தப்பாட்ட போனைக் குடுங்கோ. நீங்கள் எழும்பி நடக்காதேங்கோ" என்றாள். இவர் 1990க்கு அடித்தார். சுவசெரிய வண்டி, ஒரு சதம் செலவில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு சின்ன டொக்டர் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் வாய் திறந்து கேட்டதே "மொனவத பொன பெஹெத்?" என்றுதான். என்ன மருந்து பாவிக்கிறீர்கள்? என் உடைந்த சிங்களத்தில் கோயில், குளிசை, பஸ் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பிறகு சட்டைப்பையிலிருந்து தையற்காரரின் அளவுநாடா மாதிரி ஒன்றை எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு முண்டு இருக்கிறதே, அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே பேனையால் கோடு போட்டு, இரண்டு காலையும் சுற்றி அளந்தாள். வலது 35, இடது 39. 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் அவர்கள் கவனமாகிவிடுவார்களாம். ஒரு பென்சிலும் ஒரு நாடாவும் வைத்து எங்கள் வீட்டிலேயே செய்திருக்கக்கூடிய வேலை.

பிறகு டொப்ளர் ஸ்கான். குளிர்ந்த ஜெல்லைக் கவட்டிலும் முழங்காலுக்குப் பின்னாலும் பூசி, கருவியை வைத்துத் திரையைக் காட்டினார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டம், ஒன்று நாடி, மற்றது நாளம். கருவியை அமத்தினால் நல்ல நாளம் வாய் மூடுகிற மாதிரிச் சப்பையாகவேண்டும். வலதுகாலில் மூடியது. இடதுகாலில் அமத்த அமத்த வட்டம் வட்டமாகவே நின்றது. உள்ளே இரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்து நெஞ்சுக்கு சீ.ரீ. எடுத்தார்கள். ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. டொக்டர்மார் 'டீ.வீ.ரீ.' (DVT) என்றுதான் சொல்வார்கள், ஆழமான நாளத்தில் வருகிற இரத்தக்கட்டி. இவர் ஊருக்குப் போன் பண்ணி "டீவீடியாம்" என்று சொல்ல, அங்கே ஆருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மெசினால்தான் கட்டி நுரையீரலுக்குப் போனதா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்லமுடியாது, தானாகவும் போகும் என்றார் பெரிய டொக்டர். ஆனால் புதிதாகக் கட்டி பிடித்த காலை அந்த மாதிரி மெசினில் போடக்கூடாது என்பது அந்த மெசினின் பாவனைக் குறிப்பிலேயே இருக்கும் என்றும் சொன்னார். என் குளிசை, ஒன்பது மணி நேரம் மடங்கிய கால், தண்ணீர் குடியாதது, எல்லாம் சேர்ந்து வந்த வினை. அந்தக் குளிசையை எல்லோரும் பயந்து எறியவேண்டாம். ஆனால் பாமசிக் கவுண்டரில் கேட்டு வாங்காமல் ஒரு டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்தவர்கள், உடம்பு பருத்தவர்கள் என்றால் கட்டாயம் அதைச் சொல்லுங்கள்.

பத்து நாள் வயிற்றுத்தோலில் எனொக்ஸபரின் ஊசி, காலையும் இரவும். வயிறு முழுக்க நாவற்பழ நிறத்தில் கண்டல். இப்போது வார்பரின் குளிசை, ஐ.என்.ஆர். என்று ஒரு இரத்தச் சோதனை, 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஒருநாள் மலைபோலவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிடக்கூடாது, தினமும் ஒரே அளவு. அந்த '...ஃபெனக்' டைக்ளோஃபெனக்தான். வார்பரினோடு அதைப் போட்டால் உள்ளே இரத்தம் கசியலாம், வீட்டில் இருந்ததைக் குப்பையில் போடச் சொன்னார்கள்.

அந்த வாட்டில் படுத்திருக்கும்போது கேட்டுக் கேட்டு ஒன்று விளங்கிக்கொண்டேன். இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இருதயம், சிறுநீரகம், ஈரல், சில பிரசர் குளிசை என்று தேடுவார்கள். ஒரு கால் மட்டும் என்றால் தேடல் வேறு: இரத்தக்கட்டி, தோலுக்குக் கீழே கிருமி, முழங்காலுக்குப் பின்னால் நீர்ப்பை வெடித்தது, சிலவேளை அடிவயிற்றில் ஏதாவது நாளத்தை அமத்துவது. எதுவென்று பார்க்காமல் மூத்திரம் போகிற குளிசை தருவது, குழாய் அடைத்த வீட்டில் தாங்கியைத் திறந்துவிடுகிற கதை. இதோடு திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

காசு விடயத்துக்கு வருகிறேன். பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தோம். 'சேவைக் கட்டணம் 38,000' என்று மட்டும். டொக்டரின் பெயர் இல்லை, பதிவு இலக்கம் இல்லை. இலங்கை மருத்துவப் பேரவையின் பதிவில் அந்தப் பெயரைத் தேடினோம், கிடைக்கவில்லை. இவர் போய்ப் பதிவு இலக்கம் கேட்டதற்கு, "நாங்கள் மாற்று மருத்துவம்" என்றாராம். ஆயுர்வேதம் என்றால் அதற்கும் தனிப் பேரவையும் பதிவும் இருக்கிறதே என்று இவர் கேட்க, அது வேறு இது வேறு என்று மழுப்பியிருக்கிறார். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதியவேண்டும், அதைக் கவனிக்கிற ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கும் அடித்துச் சொன்னோம். பில், கடதாசி உறை, மிச்சக் குளிசைத் தகடு எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நீங்களும் இப்படி எங்காவது மாட்டினால் உறையைக்கூட எறியாதீர்கள்.

போன கிழமை அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை போன் பண்ணினது. காசு திருப்பித் தரமாட்டார்களாம். ஆனால் மிச்சம் ஏழு தடவை இருக்கிறதாம், வீட்டில் வேறு ஆருக்காவது பாவிக்கலாமாம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குசினியிலிருந்து மாமி எட்டிப் பார்த்து, "பிள்ளை, முழங்கால் நோவுக்கு நல்லதாமோ எண்டு கேள்" என்றா.