கிண்டிலில் என் நாவல்: கொழும்பிலிருந்து எழுதுபவருக்கு கேடிபி சரிவருமா?

சுருக்கமான பதில்: சரிவரும், ஆனால் அச்சுப் புத்தகத்தோடு சேர்த்துத்தான். அமேசனின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், அதாவது கேடிபி, தமிழ் மின்னூல்களை எடுத்துக்கொள்கிறது. அச்சுப் புத்தகம் போட்டுத் தரும் வசதி மட்டும் தமிழுக்கு இல்லை. வெள்ளவத்தையில் இருக்கும் வாசகர் கையில் எடுத்துப் புரட்ட ஒரு பிரதி வேண்டுமென்றால், அச்சகத்துக்குப் போகத்தான் வேண்டும்.

என் நாவல், ஹட்டனிலிருந்து புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் கதை. முதலில் அச்சில் வந்தது, பிறகு கிண்டிலில் ஏற்றினேன். இந்த ஒழுங்கில் செய்பவர்களுக்குப் பெரிய வேலை பாமினியில்தான் காத்திருக்கிறது. இங்குள்ள அச்சகங்களில் இன்னமும் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துருவில், டைப்செட் செய்வது சாதாரணம். கிண்டிலுக்கோ யுனிகோட், அதாவது இன்று கைபேசியிலும் இணையத்திலும் பயன்படும் பொதுக் குறியீட்டு முறை, வேண்டும். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு நொடியில் முழு நாவலையும் மாற்றியும் விடும். அப்புறம்தான் பாடு. கமா இருந்த இடங்களில் எல்லாம் ‘இ’ வந்து உட்கார்ந்துவிடும். பாமினியில் ‘இ’ இருப்பது கமா விசையில், அதனால் வரும் வினை. ‘அம்மா, நான் போயிட்டு வாறன்’ என்று என் பெண் சொன்னது, ‘அம்மாஇ நான் போயிட்டு வாறன்’ என்று மாறியிருந்தது. ‘ஔ’ என்ற எழுத்து ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிரிந்துவிடும். இடையில் ஆங்கிலத்தில் ஒரு கடைப்பெயர் இருந்தால் அது வாசிக்க முடியாத தமிழாகிவிடும். தேடி மாற்றும் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது, உண்மையான ‘இ’களும் சேர்ந்து போய்விடும். சொல்லின் கடைசியில் வரும் ‘இ’யை மட்டும் தேடுங்கள், பிறகு ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். அடுத்த நாவலைத் தொடங்கும்போதே யுனிகோடில் எழுதுங்கள் என்று நண்பர்கள் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

ஏற்றும் வேலை அதற்குப் பிறகு எளிது. கட்டணம் இல்லை. புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை, அமேசன் தன் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்கிறது. (அச்சுப் பதிப்புக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகத்தில் எடுக்கலாம். அதை விடாதீர்கள்.) சோதித்து வெளியிட 72 மணித்தியாலம் வரை எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, பிழை கண்டால் எப்போதும் திருத்தி மீண்டும் ஏற்றலாம் என்பது. அச்சுப் பிரதியில் பிழைதிருத்தத் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கைபேசியில் தமிழ் எழுத்து நன்றாகவே தெரிகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் நம் நீளமான சொற்கள் வரிக்குள் அடங்காமல் இடையில் வெள்ளை இடைவெளி விழுகிறது. பார்வை குறைந்த பெரியவர்கள்தான் எழுத்தைப் பெரிதாக்குவார்கள் என்பதால் இதை நான் சின்னக் குறையாக எண்ணவில்லை.

காசு விஷயம். அமெரிக்கக் கடையில் 2.99 இலிருந்து 9.99 டொலர் வரை விலை வைத்தால் 70 வீத உரிமத்தொகையைத் தெரிவு செய்யலாம், அதில் கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகை கழியும். அதற்குக் கீழோ மேலோ வைத்தால் 35 வீதம். இந்தியக் கடையில் 70 வீதம் வேண்டுமென்றால், மின்னூலை அமேசனுக்கு மட்டுமே கொடுக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். ஒரு மாதத்தின் விற்பனைக் காசு, அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளுக்குப் பிறகுதான் வரும். வரி விபரம் கேட்கும் பகுதியை அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருக்கிறது, உங்கள் வரி இலக்கத்தைச் சரியாகக் கொடுத்தால் அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் 30 வீத வரி குறையும்.

செலக்டில் சேர்ந்தால், சந்தா கட்டி வேண்டியதை வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் புரட்டும் பக்கங்களுக்கும் காசு வரும். தமிழ்நாட்டு வாசகர்களை எட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: செலக்ட் ஒரு தடவைக்கு 90 நாள், அந்த 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதி விற்கலாம், ஆனால் நூலகம் இணையத்தளத்துக்கு மின்பிரதி கொடுக்க முடியாது. 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் இடம் அது. பழைய இலங்கை நாவல்களில் பாதியை நான் வாசித்ததே அங்குதான். என் புத்தகம் அங்கே இருக்க வேண்டும் என்பது எனக்குக் காசைவிடப் பெரிய விஷயம். ஆகவே ஒரு தடவை மட்டும் செலக்டில் சேருங்கள், ஆனால் தானாகப் புதுப்பிக்கும் குறியை உடனே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த 90 நாளும் தானாகத் தொடங்கிவிடும்.

வாசகர்கள் யார் என்று கேட்டால், எனக்குக் கிடைத்தவர்கள் அநேகமாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள். தபாலில் ஒரு புத்தகம் அனுப்பும் செலவு புத்தக விலையையே தாண்டும் நிலையில், இது பெரிய உதவி. கொழும்பில் நிலைமை வேறு. டொலரில் வாங்கக் கூடிய அட்டை எல்லோரிடமும் இல்லை. இங்கே நாவல் விற்பது தமிழ்ச் சங்க மண்டபத்தில் நடக்கும் வெளியீட்டு விழாவில்தான். முதற் பிரதி வாங்குபவரும், கடித உறைக்குள் விலைக்கு மேல் வைத்துக் கொடுக்கும் மாமாமாரும், பள்ளிக்கூடத் தோழிகளும்தான் அச்சுக் கூலியைத் திருப்பித் தருகிறார்கள். 2022 இல் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாட்டில், அச்சிட்ட புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்களை நான் மதிக்கிறேன்.

ஆகவே 300 பிரதி அடித்து விழா வைத்து, அந்தச் சூடு ஆறும் முன் கிண்டிலில் ஏற்றுங்கள். தலைப்பைத் தமிழில் போடுங்கள், தேடுசொற்களுக்கான ஏழு பெட்டிகளில் ஒன்றிரண்டை ஆங்கில எழுத்தில் தேடுபவர்களுக்காக ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். தமிழில் அச்சுப் பிரதியும் தரத் தொடங்கினால் ஐந்தாவதையும் கொடுத்துவிடுவேன்.