185 வெள்ளிக்கு வந்து சேர்ந்த இரண்டு விரல் கசோவரி

நேற்று மாலை பொட்டலத்தைப் பிரித்ததிலிருந்து என் கோபம் அடங்கவில்லை. பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு கைப்பேசிச் செயலியில், இப்போது கடைகளில் கிடைக்காத கசோவரி என்னும் பறக்காத பெரிய பறவையின் பொம்மை ஒன்றுக்கு 185 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து ஏமாந்துவிட்டேன். இத்தகைய பொம்மைகளைச் சேகரிப்போர் கவனிக்க வேண்டியவற்றை இறுதியில் விரிவாக எழுதுகிறேன்.

மண்டாய் பறவைப் பூங்காவில் கசோவரியைப் பார்த்த நாளிலிருந்து என் மகள் அதன் பொம்மையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விற்றவர் தமிழர். "வணக்கம் அண்ணே, இது என் பையன் ஆசையாய் வைத்திருந்தது, அவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான், நல்ல கையில் சேர வேண்டும்" என்று அவர் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டதுமே என் சந்தேகம் போய்விட்டது. செயலி வழியாகச் செலுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள் என்றும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினால் 200 வெள்ளியில் 15 வெள்ளி குறைப்பதாகவும் அவர் சொன்னபோது, ஈசூனில் காப்பிக் கடையில் அமர்ந்திருந்த நான், வாங்கிய தே ஆறுவதற்குள் 185 வெள்ளியை அனுப்பிவிட்டேன். இரவு வேலை என்பதால் நேரில் தர இயலாது என்று அவர் சொன்னதையும் நம்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் சாய வாடை அடித்தது. தலைமேல் இருக்கும் கொண்டை, நகம் பட்டதும் களிமண்ணாய் உதிர்ந்தது; கழுத்து நீலம் விரலில் ஒட்டிக்கொண்டது. தெற்குக் கசோவரியின் கழுத்தில் தொங்க வேண்டிய இரண்டு சிவப்புச் சதைமடல்கள் தூரிகையால் இழுத்த வெறும் கோடுகளாக இருந்தன. காலைப் பார்த்த என் மகள்தான், "அப்பா, இதுக்கு ரெண்டு விரல்தான் இருக்கு" என்றாள். கசோவரிக்கு மூன்று விரல்கள். உள்விரலில் கத்தி போல நீண்ட நகம் உண்டு. இரண்டு விரல் தீக்கோழிக்கு உரியது. எங்கும் மலிவாகக் கிடைக்கும் தீக்கோழிப் பொம்மைக்குக் கறுப்பு பூசி அனுப்பியிருக்கிறார்.

கேட்டபோது முதலில் "கையால் வண்ணம் தீட்டியது, சற்று வேறுபடும்" என்றார். பிறகு அஞ்சலில் மாறியிருக்கலாம் என்றார். விரல்களின் படத்தை அனுப்பியதும், தொடர்புகொள்ள முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். செயலி நடத்துவோரோ, பணம் செயலிக்கு வெளியே சென்றதால் தலையிட இயலாது என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். சிறு உரிமைகோரல் மன்றத்துக்குப் போகலாம் என்றால் அவருடைய முகவரி என்னிடம் இல்லை. 185 வெள்ளிக்கு என் கையில் இருப்பது ஒரு குரல்பதிவு மட்டுமே. போலீஸ் புகாரை இன்று காலை பதிவு செய்துவிட்டேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனம் வரவில்லை. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அதே படம் இன்று வேறொரு பெயரில் 170 வெள்ளிக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. பார்ப்பவர்கள் முதலில் பாதத்தின் படத்தைக் கேளுங்கள்.