சல்லகி கேப்சூல்: ஒரு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணதுல பார்த்தது

முட்டித் தேய்மானத்துக்காக சல்லகி, அதாவது பாஸ்வெல்லியா செர்ராட்டா மரத்துப் பிசின்ல எடுத்த எக்ஸ்ட்ராக்ட், ஒரு வருஷத்துக்கு மேல சாப்டுட்டு இருக்கேன், டாக்டர்கிட்ட சொல்லிட்டுதான். வலி போயிடுச்சான்னு கேட்டா போகல, குறைஞ்சிருக்கு. காலைல எந்திரிச்சதும் இருக்கற விறைப்பு இப்ப சீக்கிரம் விட்டுடுது, படி இறங்கறப்ப மட்டும் இன்னும் சுருக்குன்னு குத்தும். ஆரம்பத்துல சில வாரம் ஒண்ணுமே தெரியல, பெயின்கில்லர் மாதிரி போட்டவுடனே கேக்குற சமாச்சாரம் இல்ல இது.

டப்பா மேல கொட்டை எழுத்துல ஆன்டிஆக்ஸிடன்ட்னு போட்டிருப்பாங்க. லேப்ல டெஸ்ட் ட்யூப்ல வச்சா செல்லைக் கெடுக்கற ஃப்ரீ ராடிக்கலை அடக்குதுங்கறது சரிதான், ஆனா அதை டீத்தூளும்தான் பண்ணும்! முட்டிக்கு இதைச் சொல்றதுக்கு முக்கியக் காரணம் வேற, பிசின்ல இருக்கற பாஸ்வெல்லிக் ஆசிட்கள், அதுலயும் ஏகேபிஏங்கறது, 5-லிபாக்ஸிஜினேஸ்னு ஒரு என்சைமைத் தடுக்குது, அந்த என்சைம்தான் அழற்சியைத் தூண்டற லூக்கோட்ரையீன்களை உண்டாக்கும். இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைங்க பிடிக்கறது காக்ஸ் என்சைமை, அதனால ரெண்டும் வேற வேற ரூட்.

வாங்கறப்ப 65 சதவீதம்னு பாத்து மயங்காதீங்க, அது மொத்த பாஸ்வெல்லிக் ஆசிட் கணக்கு, ஏகேபிஏ எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கான்னு பாருங்க. பிசின்ல அது கொஞ்சம்தான் இருக்கும், 30 சதவீதம் வரைக்கும் ஏத்தின எக்ஸ்ட்ராக்டும் வருது, அதனால ரெண்டு பிராண்டோட மில்லிகிராமை மட்டும் பக்கத்துல வச்சு கம்பேர் பண்றதுல அர்த்தமே இல்ல. 2014ல வந்த காக்ரேன் தொகுப்புல, அதாவது பல ஆய்வுகளைச் சேத்து அலசற மருத்துவ அறிக்கைல, இப்படி செறிவூட்டின எக்ஸ்ட்ராக்ட் தினம் 100 மில்லிகிராம் வீதம் 90 நாள் சாப்பிட்டவங்களுக்கு, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களைவிட வலி 100 பாயின்ட் அளவுகோல்ல 17 பாயின்ட் குறைஞ்சிருந்துச்சு. என் அனுபவமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அற்புதம்லாம் இல்ல.

வெறும் வயித்துல போட்டா எனக்கு நெஞ்செரிச்சல் வருது. பாஸ்வெல்லிக் ஆசிட் கொழுப்போட சேந்தாதான் நல்லா உடம்புல ஏறும், அதனால கொஞ்சம் எண்ணெய், நெய் இருக்கற சாப்பாட்டோட எடுத்துக்கறதுதான் ரெண்டுக்கும் நல்லது. நடுவுல கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தப்ப விறைப்பு மெதுவா திரும்ப வந்துச்சு, ஆனா அதே சமயத்துல எக்சர்சைஸும் நின்னுபோயிருந்ததால பழியை முழுசா இது மேல போட முடியல.

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இதைத் தானா வாங்கிப் போட வேண்டாம். அப்புறம் இதே மரத்து எசென்ஷியல் ஆயிலை வாங்கி முட்டில தேய்க்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. வாசனை நல்லாருக்கும், ஆனா நீராவில வடிச்சு எடுக்கறப்ப கனமான பாஸ்வெல்லிக் ஆசிட் மேல ஏறி வராம பிசின்லயே தங்கிடும், அதனால கேப்சூலுக்குப் பதிலா அதுன்னு நினைக்காதீங்க.